பிராடர்-வில்லி சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் வளர்ச்சி: எந்த வரைபடத்தில் எதைப் பார்ப்பது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம் ஆகிறது. பிறந்தபோது துணிபோலத் துவண்டு கிடந்தான். பாலை உறிஞ்சிக் குடிக்கவும் அவனால் முடியவில்லை. அதனால் செய்யப்பட்ட மரபணுப் பரிசோதனையில், தந்தையிடமிருந்து வந்த 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி விடுபட்டிருப்பதும், அது பிராடர்-வில்லி சிண்ட்ரோம் (தசைத் தளர்ச்சியோடு தொடங்கி, பின்னாளில் தணியாப் பசி வரும் மரபணுக் கோளாறு) என்பதும் உறுதியாயின. பல மாதங்கள் மூக்கு வழிக் குழாயில்தான் பால் கொடுத்தோம்.

ஒரு வயதில் அவன் எடை 7.2 கிலோ. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் அது இயல்பான எல்லைக்கும் கீழே இருந்தது. இரண்டு வயதில் 11 கிலோ ஆனான். இப்போது 14.4 கிலோ, நடுக்கோட்டைத் தாண்டிவிட்டான். நீளம் 86.7 செ.மீ. அங்கன்வாடியில் கொடுத்த அட்டையில் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கிடந்த புள்ளிகள் பச்சைக்கு வந்துவிட்டன என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சாப்பாட்டின் அளவைக் கூட்டவில்லை. அவனும் கூடுதலாகக் கேட்பதில்லை.

இந்த சிண்ட்ரோமுக்கென்றே தனி வரைபடம் உண்டு என்று அறிந்து அதிலும் குறித்துப் பார்த்தேன். அதில் உயரமும் எடையும் இயல்பான எல்லைக்குள்ளேயே காட்டுகின்றன. எந்தத் தாளை நம்புவது, இந்த எடை உயர்வை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதா என்பதே என் கேள்வி.

நெல்லைத் தந்தை எழுதியது:

சகோதரி, என் மகளுக்குப் பதினொரு வயது. நீங்கள் இருக்கும் இடத்தை நாங்களும் கடந்து வந்திருக்கிறோம். உங்கள் கேள்விக்கு மருத்துவர் எழுதுவார். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். 86.7 செ.மீ. என்பது படுக்க வைத்து அளந்ததா, நிற்க வைத்து அளந்ததா?

வைகைக்கரை எழுதியது:

படுக்க வைத்துத்தான் அளந்தார்கள், அண்ணா. அவன் இப்போதுதான் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருக்கிறான். முழங்கால் மடங்கிவிடுவதால் நிற்க வைத்து அளக்க முடியவில்லை.

நெல்லைத் தந்தை எழுதியது:

அதற்காகத்தான் கேட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரைபடம் இரண்டு வயது வரை படுத்த நிலை நீளத்தையும், அதற்குப் பின் நின்ற நிலை உயரத்தையும் கொண்டு வரையப்பட்டது. படுத்திருக்கும்போது முதுகெலும்பின் மேல் உடலின் பாரம் இறங்காததால் அளவு சற்றுக் கூடுதலாக வரும். ஆகவே இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் 0.7 செ.மீ. கழித்துவிட்டுத்தான் குறிக்க வேண்டும் என்பது அந்த நிறுவனமே வகுத்த விதி. நம் பிள்ளைகள் தாமதமாக நடப்பவர்கள் என்பதால், மற்றக் குழந்தைகளுக்கு அரிதாகத் தேவைப்படும் இந்தக் கழித்தல் நம்மவர்களுக்கு அடிக்கடி தேவைப்படுகிறது. கழித்தால் உங்கள் மகன் 86 செ.மீ. சிறிய வேறுபாடுதான் என்றாலும், அவன் வயதில் அது புள்ளியை ஒரு கோட்டின் மேலிருந்து கீழே இறக்கிவிடுகிறது.

சுரப்பியியல் மருத்துவர் எழுதியது:

நான் குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். குழந்தையைப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல இயலாது. வரைபடத்தை எப்படி வாசிப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மேலே சொன்ன கழித்தல் சரியானது. 32 மாத ஆண் குழந்தையின் நடுக்கோட்டு உயரம் ஏறத்தாழ 93.4 செ.மீ.; இரண்டு திட்ட விலக்கம் குறைவான கோடு, அதாவது இயல்பான அளவின் கீழ் எல்லை, 86.4 செ.மீ. அருகில் செல்கிறது. 86.7 என்று குறித்தால் உங்கள் மகன் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறான்; 86 என்று குறித்தால் கீழே போய்விடுகிறான். அதே வயதில் நடுக்கோட்டு எடை 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவனுடைய 14.4 கிலோவைத் தனியே பார்த்தால் நல்ல எடைதான். ஆனால் அந்த எடை 86 செ.மீ. உயரமுள்ள உடலில் இருக்கிறது. உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை குறியீட்டெண் 19.5 அளவில் வருகிறது. அந்த வயதுக்கு அது இரண்டு திட்ட விலக்கம் கூடுதலான கோட்டைத் தாண்டியது, அதாவது அதிக எடை. அங்கன்வாடி அட்டையின் பச்சை மண்டலம் வயதுக்கேற்ற எடையை மட்டுமே பார்ப்பது. ஊட்டக்குறைவு உள்ள குழந்தையைக் கண்டுபிடிப்பதற்காக உருவானது. அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது. உயரம் குறைந்து எடை கூடும் குழந்தையை அதில் கண்டுகொள்ள முடியாது.

நீங்கள் எழுதியதிலேயே முதன்மையான செய்தி, சாப்பாட்டைக் கூட்டவில்லை, அவனும் கேட்கவில்லை என்பதுதான். 1956 இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் பிராடர், லாபார்ட், வில்லி ஆகியோர் இதை விவரித்த காலத்திலிருந்து நெடுங்காலம், மெலிந்த கைக்குழந்தைப் பருவம், பிறகு பெரும்பசி என்று இரண்டே கட்டங்களாகத்தான் எல்லோரும் சொல்லிவந்தோம். குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2011 இல் வெளியான ஓர் ஆய்வு, இடையில் வேறு படிகள் இருப்பதைக் காட்டியது. ஏறத்தாழ இரண்டு வயதில் தொடங்கி நாலரை வயது வரையிலான கட்டத்தில், பசியும் உண்ணும் அளவும் மாறாமலே எடை மட்டும் கோடு கடந்து ஏறுகிறது. அதன் பின்னர் உணவின் மேல் நாட்டம் கூடுகிறது. எட்டு வயதை ஒட்டித்தான் தணியாப் பசி வருகிறது. குழந்தைக்குக் குழந்தை இந்த வயதுகள் முன்பின் ஆகலாம். ஆனால் எடை முந்தி, பசி பிந்தி என்ற வரிசை பெற்றோர் மனத்தில் நிற்க வேண்டும். பசி வரட்டும், அப்போது கவனமாக இருப்போம் என்று காத்திருப்பவர்களுக்கு அதற்குள் இரண்டு மூன்று ஆண்டுகள் கைநழுவிப் போயிருக்கும். அந்த இடைவெளியில் வீட்டில் வேறு எந்த அறிகுறியும் தெரியாது. வரைபடம் ஒன்றுதான் சொல்லும்.

தஞ்சைத் தாய் எழுதியது:

என் மகனுக்கு ஏழு வயது. சிண்ட்ரோமுக்குரிய வரைபடத்தை இங்கே யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொதுவான வரைபடத்தில் அவன் எப்போதும் எல்லாக் கோடுகளுக்கும் கீழே இருந்தான். ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நான் என்ன செய்யத் தவறினேன் என்று யோசித்தபடியேதான் வீடு திரும்புவேன். அவனைப் போன்ற பிள்ளைகளை மட்டும் வைத்து வரைந்த தாளில் பார்த்தபோதுதான், அந்தப் பிள்ளைகளிடையே அவன் உயரமாகவே இருக்கிறான் என்பது தெரிந்தது. அந்த நிம்மதி எனக்குத் தேவையாக இருந்தது. என் மாமியாரிடம் விளக்கவும் அதுதான் உதவியது.

சுரப்பியியல் மருத்துவர் எழுதியது:

அம்மா, உயரத்தைப் பொறுத்தவரை உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். இந்த சிண்ட்ரோமில் உயரம் குறைவது பெற்றோரின் குறையால் அன்று. ஹார்மோன் சுரப்பை ஆளும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் சரிவரச் செயல்படாததால் வளர்ச்சி ஹார்மோன் போதுமான அளவு சுரப்பதில்லை. சிகிச்சை பெறாத ஆண்கள் சராசரியாக 155 செ.மீ. அளவிலும், பெண்கள் 148 செ.மீ. அளவிலும் நின்றுவிடுகிறார்கள். இந்த நிலையில், இதே சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளோடு ஒப்பிடும் தாளில் ஒருவருடைய உயரக் கோடு திடீரெனச் சரிந்தால், சிண்ட்ரோமைத் தவிர வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று உடனே புரியும். தைராய்டு குறைந்திருக்கலாம், முதுகெலும்பு வளைந்திருக்கலாம். பொதுவான தாளில் எல்லாமே அடிக்கோட்டுக்குக் கீழே கிடப்பதால் அந்தச் சரிவு கண்ணில் படாமல் போகும். சிண்ட்ரோம் வரைபடத்தின் உண்மையான பயன் இதுவே.

எடைக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் 2000 இல் வெளிவந்தவையும், அமெரிக்கக் குழந்தைகளை வைத்து 2011 இல் மூன்று வயது வரைக்கும் 2015 இல் அதற்கு மேல் 18 வயது வரைக்கும் வரையப்பட்டவையும், வளர்ச்சி ஹார்மோன் பெறாத குழந்தைகளின் இயல்பான போக்கைப் பதிவு செய்தவை. அந்தப் போக்கில் உடல் பருமனும் அடக்கம். எனவே அந்தத் தாளில் எட்டு வயதுக் குழந்தையின் எடை நடுக்கோட்டில் இருக்கிறது என்றால், சிகிச்சையில்லாத ஒரு சராசரிக் குழந்தை எவ்வளவு பருத்திருக்குமோ அவ்வளவு பருத்திருக்கிறது என்றுதான் பொருள். அந்த நடுக்கோடு நாம் எட்ட வேண்டிய இலக்கன்று. ஹார்மோன் பெறும் குழந்தைகளுக்கான வரைபடம் 2016 இல் தனியே வந்தது. ஊசி போடத் தொடங்கிய குழந்தையைப் பழைய தாளில் குறித்துக்கொண்டிருப்பது பொருத்தமற்றது.

ஆகவே நான் பின்பற்றும் முறை இது. உயரத்தை இரண்டு தாளிலும் குறிக்கிறேன். எடையையும் உடல் நிறை குறியீட்டெண்ணையும் பொதுவான தாளில் வைத்தே மதிப்பிடுகிறேன்: ஐந்து வயது வரை உலகச் சுகாதார நிறுவனத்தினது, அதன் பின் 18 வயது வரை இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015 இல் வெளியிட்டது. அந்த இந்திய வரைபடத்தில், வயது வந்தோருக்கான 23, 27 என்னும் குறியீட்டெண்களுக்கு இணையான கோடுகள் அதிக எடையையும் உடல் பருமனையும் பிரித்துக் காட்டுகின்றன. அப்படியும் ஒரு குறை உண்டு. இந்த சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குத் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. குறியீட்டெண் இயல்பாக இருக்கும்போதே உடலில் கொழுப்பு அளவு மீறியிருக்கும். கோட்டைத் தொடும்வரை காத்திராமல், கோட்டை நோக்கிச் சாயும்போதே செயல்பட வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் அதுதான்.

அங்கன்வாடித் தோழி எழுதியது:

நான் மையத்தில் எடை பார்க்கும் பணியில் இருப்பவள். மேலே சொன்ன கணக்குகளெல்லாம் அளவு சரியாக இருந்தால்தான் பயன்படும் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். கைக்குழந்தையின் நீளத்தை ஒருவராக அளக்கவே கூடாது. ஒருவர் தலையைப் பலகையின் மேற்பகுதியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். மற்றவர் இரண்டு முழங்கால்களையும் மெல்ல அழுத்தி நேராக்கிக்கொண்டு, பாதப் பலகையை இரு குதிகால்களிலும் படும்படி நகர்த்த வேண்டும். ஒரு காலை மட்டும் நீட்டி அளந்தால் இடுப்பு சாய்ந்து அளவு மாறிவிடும். தசை தளர்ந்த குழந்தை அழாமல், உதைக்காமல் படுத்திருக்கும் என்பதால் எளிது என்று தோன்றும். ஆனால் தலை பக்கவாட்டில் சரிந்துவிடும். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

நிற்கும் குழந்தைக்குக் கொண்டையையும் உச்சியில் கட்டிய குடுமியையும் அவிழ்த்துவிட வேண்டும். பூவையும் கிளிப்பையும் எடுத்துவிட வேண்டும். எடை பார்க்கும்போது கொலுசு, தண்டை, வெள்ளி அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றச் சொன்னால் பெரியவர்களுக்கு மனம் வராது. அரைஞாணைக் கழற்ற மாட்டார்கள் என்றால், ஒவ்வொரு முறையும் அதோடே எடை பார்த்துக் குறிப்பில் எழுதிவிடுங்கள். ஒரு முறை இருந்து மறுமுறை இல்லாமல் போவதுதான் குழப்பம்.

நெல்லைத் தந்தை எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். உயர அளவில் அரை சென்டிமீட்டர் பிழை யாருக்கும் நேரும். மூன்று மாதத்தில் எவ்வளவு வளர்ந்தாள் என்று பார்த்து அதை நான்கால் பெருக்கி ஆண்டு வளர்ச்சியாகச் சொன்னால், அந்த அரை சென்டிமீட்டரும் இரண்டு சென்டிமீட்டராகப் பெருகிவிடும். பள்ளி வயதுக் குழந்தை ஓராண்டில் வளர்வதே ஐந்தாறு சென்டிமீட்டர்தான். ஆகவே வளர்ச்சி வேகத்தைக் குறைந்தது ஆறு மாத இடைவெளியில், முடிந்தால் ஓராண்டு இடைவெளியில், அதே கருவியில், அதே வேளையில் பார்க்க வேண்டும். காலையில் இருக்கும் உயரம் மாலையில் சற்றுக் குறைந்துவிடுகிறது.

எடையை எங்கள் வீட்டில் வாரம் ஒரு முறை, காலை உணவுக்கு முன் பார்க்கிறோம். அந்த எண்ணை மகளைக் கண்டிக்க ஒருபோதும் பயன்படுத்துவதில்லை என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். எடை திடீரென ஏறியிருந்தால், எங்கோ அவளுக்கு உணவு கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கிறது என்று பொருள். அது பள்ளியில் பகிர்ந்த மதிய உணவா, பக்கத்து வீட்டுத் தின்பண்டமா, பூட்டாத அலமாரியா என்று நாங்கள்தான் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். அவளுடைய பசி அவள் விருப்பத்தில் வருவதன்று.

வைகைக்கரை எழுதியது:

அப்படியானால் இப்போதே சாப்பாட்டைக் குறைக்க வேண்டுமா? குழாயில் பால் ஊற்றி வளர்த்த பிள்ளைக்கு அளவு பார்த்துப் பரிமாறுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கெல்லாம் தெரியும்.

கொங்கு உணவியலாளர் எழுதியது:

தெரியும், சகோதரி. கைக்குழந்தைப் பருவத்தில் நீங்கள் கொடுத்த ஒவ்வொரு மில்லியும் அவனுக்குத் தேவையாக இருந்தது; அந்தப் பருவத்தில் கொழுப்பைக் குறைப்பது மூளை வளர்ச்சிக்கே கேடு. நோய் உறுதியானதைக் கேட்டவுடன் பயந்து ஆறு மாதக் குழந்தையின் பாலைக் குறைக்கிறவர்கள் உண்டு. இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இப்போது அவன் வேறு கட்டத்துக்கு வந்திருக்கிறான். தசை குறைவாக இருப்பதால் உடல் எரிக்கும் ஆற்றலும் குறைவு. அதே வயதுக் குழந்தைகளுக்குத் தேவைப்படும் கலோரியில் பொதுவாக 60 முதல் 80 விழுக்காடு வரை இவர்களுக்குப் போதும்.

குறைப்பது என்றால் தட்டைக் காலியாக்குவது என்று பொருளில்லை. கஞ்சியில் சேர்க்கும் வெல்லம், சாதத்தில் பிசையும் கூடுதல் நெய், பாலில் கலக்கும் சத்துமாவு, பிஸ்கட் ஆகியவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். குழாயில் ஊட்டிய காலத்தில் எடை கூட்டுவதற்காகத் தொடங்கியவை பல வீடுகளில் அப்படியே நீடிக்கின்றன. அந்த இடத்தில் கீரையும் காயும் பருப்பும் முட்டையும் வரட்டும். மொத்த உணவு குறையும்போது சுண்ணாம்புச் சத்து, இரும்பு, வைட்டமின் டி ஆகியவையும் சேர்ந்து குறையும் என்பதால் அவற்றை மருத்துவரிடம் கேட்டு ஈடுசெய்ய வேண்டும். உயரம் தொடர்ந்து ஏற வேண்டும், எடை ஏறும் வேகம் மட்டும் தணிய வேண்டும். உயரமும் நின்றுபோனால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டோம் என்று கொள்ள வேண்டும்.

தஞ்சைத் தாய் எழுதியது:

டாக்டர், வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்துக்கு மட்டும்தானா? எங்களுக்குச் செலவு பெரும் சுமையாக இருக்கிறது. உயரம் குறைந்தால் குறையட்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

சுரப்பியியல் மருத்துவர் எழுதியது:

உயரத்துக்காக மட்டும் என்றால் உறவினர்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கலாம். இந்த சிண்ட்ரோமில் அந்த ஊசி தசையைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கிறது. குழந்தையின் உடல் வலிமையையும் அசைவையும் மேம்படுத்துகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000 இல் பிராடர்-வில்லிக்கென்றே அதை அனுமதித்தது. 2013 இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலின்படி, மரபணுப் பரிசோதனையில் நோய் உறுதியானால் ஹார்மோன் குறைபாட்டை நிறுவத் தனிப் பரிசோதனை தேவையில்லை.

ஆனால் கடும் உடல் பருமனோ, சிகிச்சை பெறாத கடுமையான தூக்க மூச்சுத்தடையோ உள்ள குழந்தைக்கு அதைத் தொடங்கக் கூடாது. ஊசி பெற்ற குழந்தைகள் சிலர் இறந்ததாக 2002 வாக்கில் செய்திகள் வந்த பிறகே இந்த எச்சரிக்கை வலுப்பெற்றது. தொடங்கும் முன் ஒரு தூக்கப் பரிசோதனையும், தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் இன்னொன்றும் செய்ய வேண்டும். இடையில் புதிதாகக் குறட்டை வந்தாலோ டான்சில் பெருத்தாலோ உடனே தெரிவிக்க வேண்டும். மருந்தின் அளவை எடையை வைத்து அல்லாமல் உடல் மேற்பரப்பை வைத்துக் கணக்கிடுகிறோம். எடை கூடிய குழந்தைக்கு எடைக்கணக்கில் கொடுத்தால் அளவு மிகுந்துவிடும். இந்தக் கணக்குக்கும் உங்கள் உயர அளவுதான் அடிப்படை. எடை மிகுவதற்கு முன்பே தொடங்குவது நல்லது என்பதால்தான் முதல் பதிவை எழுதிய தாயிடம் இரண்டு வயதில் தொடங்கும் எடை ஏற்றத்தைப் பற்றி அவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

நெல்லைத் தந்தை எழுதியது:

பெரிய குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு குறிப்பு. என் மகளுக்கு ஏழெட்டு வயதிலேயே அக்குளில் முடி வளரத் தொடங்கியது. பூப்பு நெருங்குகிறது, இனி விரைவாக உயர்வாள் என்று எதிர்பார்த்தோம். அது அட்ரீனல் சுரப்பியால் வருவது என்றும், இந்த சிண்ட்ரோமில் பாலின ஹார்மோன்கள் குறைவாக இருப்பதால் பூப்புக்கால உயரப் பாய்ச்சல் பெரும்பாலும் முழுமையாக நிகழ்வதில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். கடந்த ஆண்டு அவளுடைய உயரம் நின்றுவிட்டதுபோல் தெரிந்தது; எக்ஸ்ரே எடுத்ததில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. வளர்ந்த அளவை வளைவு விழுங்கிவிட்டது. இப்போது உயரத்தோடு, முதுகு வளைவால் மாறாத, கைகளை விரித்த அகலத்தையும் அளந்து எழுதுகிறோம்.

சுரப்பியியல் மருத்துவர் எழுதியது:

அது நல்ல நடைமுறை. முதுகு வளைவு இந்தக் குழந்தைகளில் மிகப் பலருக்கு வருகிறது. கொழுப்பு மறைப்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஒவ்வொரு வருகையிலும் முதுகைப் பார்க்கவும், உட்காரத் தொடங்கிய பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். வளைவு இருப்பதால் மட்டும் ஹார்மோன் ஊசியை நிறுத்த வேண்டியதில்லை.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. 86 செ.மீ. என்று திருத்தி, உயரத்தை இரண்டு தாளிலும், எடையையும் குறியீட்டெண்ணையும் பொதுவான தாளிலும் மீண்டும் குறித்துவிட்டேன். ஒரு வயதிலிருந்து இன்றுவரை எடைக் கோடு ஏறும் சாய்வை என் மாமனாரிடம் காட்டியபோது, அவரே சத்துமாவு டப்பாவை எடுத்து மேல்தட்டில் வைத்தார். அடுத்த வருகையில் தூக்கப் பரிசோதனை, தைராய்டு, முதுகு எக்ஸ்ரே ஆகிய மூன்றையும் கேட்கப் போகிறேன். ஒரே ஒரு ஐயம்: மருத்துவமனை எடைக்கருவியும் வீட்டுக் கருவியும் 300 கிராம் வேறுபடுகின்றன. எதை எழுதுவது?

அங்கன்வாடித் தோழி எழுதியது:

இரண்டையும் எழுதுங்கள், ஆனால் வெவ்வேறு நிற மையில் எழுதி, ஒரு கருவியின் புள்ளியை மற்றதன் புள்ளியோடு கோடிட்டு இணைக்காதீர்கள். வீட்டுக் கருவியைப் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்து மாதம் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் மருத்துவமனை அளவைக் குறியுங்கள். வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்பதை வீட்டுக் கருவியில் பாருங்கள்.